தறி ஓடாத நாட்கள்

அந்தத் தடுப்புக்குள் இருந்தவர்கள் இவர்கள்.

நான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி. எனக்குப் பின்னால் நின்றாள். முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள்.

மச்சான். மனைவியின் அண்ணன். கையில் நோட்டு, காதில் பேனா. எங்கள் வகையறாவில் பத்தாவது பாஸ் பண்ணியவர் அவர் ஒருவர்தான்.

பிரவுசிங் சென்டர் நடத்துகிற அம்மா. மவுஸ் அவர் கையில் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அதைப் பிடிக்கத் தெரியாது.

கம்ப்யூட்டருக்குள் ஒரு பெண். வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார். குடிக்கிறவர்களிடம் பேசிக் குடியைக் குறைப்பது அவர் வேலை. பேசும்போதே படம் நின்றுவிடும். வாய் திறந்தபடி முகம் அப்படியே இருக்கும். குரல் மட்டும் வரும்.

ஐந்து பேர். பலகைத் தடுப்பு ஒருவருக்குப் போட்டது. வைகாசி வெயில். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடி. கீழே ஓட்டலில் வெங்காயம் வதக்குகிற வாசனை. அதோடு என் வாசனை. நேற்று குடித்தது காலையில் வேர்வையாக வரும். என் மூக்குக்கே அது எட்டியது.

ஹெட்போன் ஒன்று இருந்தது. காதில் வைக்கிற பஞ்சு பிய்ந்து, கறுத்து, பிசுக்குப் பிடித்திருந்தது. எவன் எவன் காது அழுக்கோ. வைத்தால் நான் மட்டும்தான் கேட்க முடியும், மச்சான் எழுத முடியாது. அதனால் ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"வணக்கம் சார். எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

மாடி முழுக்கக் கேட்டது. பக்கத்துத் தடுப்பில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

"கோயில் மைக்குல போட்டுடும்மா, ஊரே கேக்கட்டும்" என்றாள் என் மனைவி, சென்டர் அம்மாவிடம்.

என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போது நினைத்தால் அந்த நிமிர்ந்ததுதான் எல்லாவற்றையும் விடக் கேவலமாகத் தெரிகிறது.

அங்கே எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் பட்டு நெய்கிறவன். குழித்தறி. காலைத் தொங்கவிட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். முப்பது வயதில் இடுப்பு போயிற்று. ஒரு மருந்துக்கடைக்காரன் வலி ஊசி ஒன்று போட்டான். வலி போனது. அதோடு வேறு என்னென்னவோ போனது. வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது, நாளுக்கு மூன்று ஆயிற்று. பிறகு நானே போட்டுக்கொண்டேன். ஆறு வருஷம். தொடை கல் மாதிரி ஆகிவிட்டது. ஊசி இறங்காது. இறங்கின இடத்தில் சீழ் வைக்கும். அதைப் பிதுக்கிவிட்டு அதற்குப் பக்கத்திலேயே குத்திக்கொள்வேன். அந்தக் கையால் பட்டைத் தொட்டேன். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை.

டவுனில் ஒரு டிரஸ்ட் க்ளினிக் இருந்தது. ஊசிக்குப் பதிலாக மாத்திரை கொடுத்தார்கள். நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். முழுங்கக் கூடாது. கரைகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார வேண்டும். எட்டுப் பேர், பத்துப் பேர் வரிசையாக, வாயில் கசப்பு எச்சிலைத் தேக்கிக்கொண்டு. பேச முடியாது. பேசினால் வழியும். ஒருவனுக்கு எப்போதும் வழியும். கடைசியில் நர்ஸ் வந்து ஒவ்வொருவரையும் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கச் சொல்வார். ஒளித்து வைத்து வெளியில் விற்கிறவன் உண்டு. மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். அவர் மீது தப்பில்லை.

அந்த மாத்திரை இருந்தால் நான் தறியில் உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் மூன்றாவது நாள் மருந்துக்கடை வாசலில் நிற்பேன். இது எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். வேறெதுவும் எங்களுக்குப் பெரிதாக இல்லை.

ஊசி நின்றபின் சாயங்காலம் வந்தால் கை சும்மா இருந்தது. கட்டிங் போட ஆரம்பித்தேன். கட்டிங் என்றால் ஒரு கோட்டரை இரண்டு பேர் பங்கு போடுவது. கொஞ்ச நாளில் பங்குக்கு ஆள் தேடுவதை விட்டேன்.

டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். ஒரு நாள் வாயைத் திறக்கச் சொன்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஊசி போச்சு, பாட்டில் வந்துச்சா?"

வாயில் மாத்திரை இருந்தது.

"இந்த மாத்திரையும் சாராயமும் ஒண்ணா உள்ள போனா மூச்சு நின்னுடும். படுத்தவன் எழுந்திரிக்க மாட்ட. குறைக்கலன்னா நான் மாத்திரைய நிறுத்திடுவேன். உன்னக் கொன்ன பாவம் எனக்கு வேணாம்."

அவர்தான் இந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டைச் செய்தார். நாலு புதன்கிழமை, நாலு தடவை, ஒரு தடவைக்கு அரை மணி. கரண்ட் பதினொரு மணிக்குப் போய்விடும் என்பதால் ஒன்பதரைக்கு. கம்ப்யூட்டர் மேடம் கணக்குப் பார்த்து டாக்டருக்குச் சொல்வார். குடி குறைந்தால் மாத்திரை. குறையாவிட்டால் இல்லை.

முதல் புதன்கிழமை மேடம் ஒரு சின்ன கிளாஸை எடுத்துக் காட்டினார்.

"இது முப்பது மில்லி சார். இத ஒரு அளவுன்னு வச்சுக்குவோம். நீங்க ஒரு தடவ எவ்ளோ குடிப்பீங்க?"

"கட்டிங்."

"அப்படின்னா?"

மேடத்துக்குத் தெரியவில்லை. மச்சான் முன்னால் வந்து கேமராவுக்குப் பாடம் நடத்தினார். "கோட்டர் நூத்தியெம்பது மேடம். அதுல பாதி கட்டிங். தொண்ணூறு."

"அப்போ கட்டிங் மூணு அளவு. கோட்டர் ஆறு. கரெக்டா சார்?"

"கரெக்ட் மேடம்" என்றார் மச்சான். அவர் குடிக்கிறதில்லை. ஆனால் பெருமையாகச் சொன்னார்.

தினமும் குடித்ததை எழுதி வைக்க வேண்டும் என்றார் மேடம். எப்போது தோன்றுகிறது, யாரோடு போகிறோம், அந்த நேரத்தில் வேறென்ன செய்யலாம் என்றெல்லாம் கேட்டார். நல்லபடியாகத்தான் கேட்டார். திட்டவில்லை. "நீங்களே எவ்ளோ குறைக்கலாம்னு ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார். நான் சொன்ன நம்பரைச் சென்டர் அம்மா டைப் அடித்தார்.

படி இறங்கும்போது மச்சான் சொன்னார்: "மாப்ள, நோட்டுல்லாம் ஒனக்கு ஒத்து வராது. தொலைச்சிடுவ. தறிக்கால்ல போடு. ஒரு கட்டிங்குக்கு ஒரு கோடு. நான் வாராவாரம் வந்து எண்ணிக்கினு போறேன்."

தறியின் வலப்பக்க மரக்காலில் நான் சாக்பீஸால் கோடு போடுவது வழக்கம். அன்றன்றைக்கு நெய்ததற்கு. என் அப்பாவும் அங்கேதான் போட்டார். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இந்தக் கோடு. தறியில் உட்காரும்போது முந்தின சாயங்காலத்துக் கட்டிங்கைப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரதருக்குக் கருட சேவை. விடியலில் சின்ன காஞ்சிபுரத்தில் சாமி புறப்பட்டு ஊரெல்லாம் வருவார். எள் போட்டால் விழாது. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. நான் சாமி பார்க்கப் போனேன். மோர்ப் பந்தலில் மோர் குடித்தேன். அப்புறம் ஒயின் ஷாப்பின் பின்பக்கம் ஒரு கோட்டரும் ஒரு கட்டிங்கும். திரும்பும்போது கூட்டத்தில் ஒரு அம்மாள் செருப்புமேல் வாந்தி எடுத்தேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனாள்.

திங்கட்கிழமை தறியில் உட்கார்ந்தேன். கோடு போடவில்லை. நேற்று தறி ஓடவில்லை. தறி ஓடாத நாளுக்கு எங்கள் வழக்கத்தில் கோடு கிடையாது. நெய்ததற்கு இல்லை, அதனால் எதற்கும் இல்லை. கை அதுவாகச் சாக்பீஸைக் கீழே வைத்தது.

இரண்டாவது புதன்கிழமை மச்சான் நோட்டைப் பார்த்து வாசித்தார். "நாலு கோடு மேடம். பன்னெண்டு அளவு." எந்தெந்த நாள் என்று அவர் சொல்லச் சொல்ல, சென்டர் அம்மா திரையில் இருந்த கிழமைக் கட்டங்களில் அடித்தார்.

"வெரி குட். அப்புறம், ஞாயித்துக்கிழமைகூட கட்டம் காலியா இருக்கே? அன்னிக்குக் குடிக்கவே இல்லையா? சூப்பர் சார்! எப்படி முடிஞ்சுது?"

படம் நின்றுவிட்டது. மேடம் சிரித்தபடி நின்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். என் பின்னால் மனைவி இருமினாள். மச்சான் நோட்டை மூடினார். மூன்று பேருக்கும் கருட சேவை அன்றைக்கு நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியும். மச்சான்தான் தூக்கி வந்தார். அவருடைய சட்டையில் என் வாந்தி.

"சாமி பார்க்கப் போயிருந்தேன் மேடம்" என்றேன்.

"நல்ல ஐடியா சார். கோயிலுக்குப் போறது உங்களுக்கு ஹெல்ப் பண்ணுது. இத நோட் பண்ணிக்குவோம்."

சென்டர் அம்மா அதை டைப் அடித்தார். வெளியே வந்து மூன்று பேரும் கரும்பு ஜூஸ் குடித்தோம். ஈ மொய்த்த கிளாஸ்.

அடுத்த வாரம் எங்கள் தெருவில் ஒரு சாவு. பிணம் எடுக்கிற வரைக்கும் தெருவில் தறி ஓடாது. சாவு வீட்டில் குடிக்கக் காசு வேண்டாம், அவர்களே ஊற்றுவார்கள். இரண்டு கோட்டர். பாடைக்கு முன்னால் ஆடினேன் என்று சொன்னார்கள். செத்தவர் எனக்கு மாமா முறை. அவரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

மற்ற நாட்களில் குறைத்தேன். அது பொய் இல்லை. தறியில் உட்கார்ந்தால் மேடம் சொன்னதெல்லாம் ஞாபகம் வரும். எதிரில் கோடு இருக்கும். சாயங்காலம் எழுந்து நேராக டீக்கடைக்குப் போனேன். அந்த வாரம் இரண்டே கோடு.

மூன்றாவது புதன்கிழமை மேடம் கைதட்டினார். ஸ்பீக்கரில் அது தகரம் தட்டுகிற மாதிரி கேட்டது. பக்கத்துத் தடுப்பில் இருந்த ஆள் எட்டிப் பார்த்தார்.

"ஆறு அளவுதான்! அதுலயும் அஞ்சு நாள் ஜீரோ! டாக்டர்கிட்ட சொல்றேன் சார். தினமும் க்ளினிக் வர வேணாம், ஒரு வாரத்து மாத்திரைய கையில குடுக்கலாம்னு சொல்றேன்."

மச்சான் என் தோளைத் தட்டினார். "பாத்தியா மாப்ள. நம்ம கோடு."

மனைவி தட்டவில்லை. படியில் இறங்கும்போது கேட்டாள்: "சாவு அன்னிக்கு ஆடுனது யாருயா? ஒன் தம்பியா?"

"தறி ஓடலயே அன்னிக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவளும் தறிக்காரன் மகள். தறி ஓடாத நாள் கணக்கில் இல்லை என்று அவள் வீட்டிலும்தான் சொல்வார்கள். அவளுக்கும் மாத்திரை வேண்டியிருந்தது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்து செய்தேன் என்றும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. மூன்று பேரும் ஒரு நாற்றத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சாப்பிட்டோம், அவ்வளவுதான்.

அன்றைக்கே டாக்டர் ஏழு மாத்திரைகளைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

அந்த வாரம் என் பாவு, தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழை, தீர்ந்தது. புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க ஆட்கள் வருவார்கள். ஆயிரக்கணக்கில் இழை. இரண்டு நாள் ஆகும். நெய்கிறவனுக்கு வேலை இல்லை. நாளுக்கு ஒரு கோட்டர்.

அப்புறம் திங்கட்கிழமை. அமாவாசை. காஞ்சிபுரத்தில் அமாவாசைக்குத் தறி ஓடாது.

காலையில் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். இப்போது பெஞ்சு இல்லை, நர்ஸ் இல்லை. வாயைத் திறக்கச் சொல்ல ஆள் இல்லை. கசப்பு போகட்டும் என்று பத்து மணிக்கே ஆரம்பித்தேன். இரண்டு கோட்டர், ஒரு கட்டிங். பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தேன். மனைவி படையலுக்கு வடை தட்டிக்கொண்டிருந்தாள். புதுப் பாவைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. தறிப் பலகையில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. அவள் சொன்னதுதான்.

குழிக்குள் சரிந்து கிடந்தேனாம். முகம் பாவுமேல். வாந்தி. அரக்குப் பட்டு, புதுசாக ஏற்றின பாவு, நனைந்து ஒட்டிக்கொண்டிருந்ததாம். உதடு நாவல்பழ நிறம். மூச்சு ஒன்று வந்தால் அடுத்தது வருவதற்குள் அவள் பத்து எண்ணினாளாம். மச்சானைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் என்னை அக்குளைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். வேட்டி குழியிலேயே அவிழ்ந்து நின்றுவிட்டது. அப்படியே ஆட்டோவில் ஏற்றி, மச்சான் துண்டைப் போட்டு மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வடையெண்ணெய் அடுப்பில் புகைந்துகொண்டிருந்ததாம். அதைத்தான் முதலில் சொன்னாள், கண் விழித்ததும்.

"எண்ண தீஞ்சிபோச்சி. நீ இன்னும் சாவல."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாவை அவள் துடைத்திருந்தாள். பட்டு லேசில் நாற்றத்தை விடாது. குழிக்குள் சாம்பல் போட்டிருந்தாள். இருந்தும் ஒரு மாதத்துக்கு நான் கால் வைத்தபோதெல்லாம் அது மேலே வந்தது.

மறுநாள் புதன்கிழமை. நாலாவது தடவை. நான் போகவில்லை என்றேன். அவள் சட்டையை என் மேல் எறிந்தாள்.

அதே தடுப்பு. அதே ஐந்து பேர். கையில் ஊசி ஏற்றின இடத்தில் பிளாஸ்திரி.

மேடத்துக்கு டாக்டர் போன் செய்திருந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"சார், இந்த வாரம் எத்தன கோடு?"

"ஒண்ணு" என்றார் மச்சான். "மூணு அளவு."

"மூணு அளவு குடிச்சவர் எப்படி சார் ஆஸ்பத்திரிக்குப் போனாரு?"

"நான் ரெண்டு தடவ எண்ணினேன் மேடம். தறிக்கால்ல ஒரு கோடுதான் இருக்குது. தப்பே கெடையாது."

"அப்போ திங்கட்கிழமை?"

"அமாவாச மேடம்."

"அமாவாசைன்னா?"

"தறி ஓடாது மேடம்."

"தறி ஓடாட்டி?"

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். "கணக்குல வராது மேடம்" என்றார். சின்னக் குரலில்.

மேடம் புரியாமல் கண்ணாடியைக் கழற்றினார். சென்டர் அம்மாதான் திரும்பினார். மூன்று வாரம் எங்கள் விஷயத்தை டைப் அடித்தவர் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"காலிக் கட்டத்துல லீவு நாளும் இருக்குதா? ஐயோ சாமி. அதெல்லாம் குடிக்காத நாளுன்னு இல்ல அடிச்சேன்."

படம் நின்றது. குரலும் வரவில்லை. பக்கத்துத் தடுப்பில் யாரும் டைப் அடிக்கவில்லை. மச்சான் கழுத்தில் வேர்வை ஓடியது. என் மனைவி முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். இனி மூடி என்ன ஆகப் போகிறது என்கிற மாதிரி.

நெட் திரும்ப வந்தது. "சார்? மாத்திரை விஷயம் இப்ப நான் டாக்டர்கிட்ட சொல்லணும். அந்தக் காலிக் கட்டத்துல எல்லாம் எவ்ளோன்னு தெரியணும். உங்க மச்சான் சொல்ல வேணாம். நீங்க சொல்லுங்க."

சொன்னால் மாத்திரை போகும் என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் இருக்கும் என்றும் தோன்றவில்லை. மூன்று நாளில் மருந்துக்கடை வாசல். தொடையில் இன்னும் நல்ல சதை எங்கே மீதி இருக்கிறது என்று அப்போதே மனம் தேடியது.

மாத்திரை போகவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் டாக்டர் கவரைப் பிடுங்கிக்கொண்டார். பழையபடி தினமும் பெஞ்சு, எச்சில், நாக்கைத் தூக்கு. அதற்கு முன்னால் ஒரு குழாயில் ஊதவும் வேண்டும். வாசனை வந்தால் அன்றைக்கு இல்லை. இரண்டு வருஷம் அப்படிப் போனேன். அமாவாசைக்கும் போனேன். ஆனால் அதெல்லாம் அந்தத் தடுப்புக்குள் இருந்தபோது எனக்குத் தெரியாது.

"சொல்றேன் மேடம்" என்றேன். "எழுதிக்குங்க."

கருட சேவையைச் சொன்னேன். ஒரு கோட்டர், ஒரு கட்டிங். சாவைச் சொன்னேன். இரண்டு கோட்டர். பாவு சேர்த்த இரண்டு நாளையும் சொன்னேன். அமாவாசையைச் சொன்னேன். சென்டர் அம்மா காலிக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினார். ஒவ்வொன்றுக்கும் நின்று, என்னைப் பார்க்காமல், "அடுத்தது" என்றார்.

"மொத்தம் எவ்ளோ அளவு சார்?"

மச்சான் நோட்டில் கூட்டினார். கூட்டியதை வாசிக்கவில்லை. நோட்டைத் தங்கையிடம் நீட்டினார். அவளுக்கு எழுத்து வராது, எண் வரும். அவள் பார்த்துவிட்டு என் மடியில் வைத்தாள்.

"நீயே படி."

படித்தேன். ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி.

நாற்பத்தெட்டு.